பேஸ் கிட்டாரின் ஓசை எங்கே போயிற்று?

ஆடி மாதம். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மன் கோவில் திருவிழா.

பகலில் கூழ் ஊற்றியாகிவிட்டது. பொழுது சாய்ந்ததும் மெல்லிசைக் கச்சேரி.

மேடையில் பத்துப் பேர். பாடகர் கையை வீசிப் பாடுகிறார். டிரம்ஸ் அதிர்கிறது. கீபோர்டு கொஞ்சுகிறது. மேடையின் ஓரத்தில் ஒரு வாலிபர் நிற்கிறார். அவர் தோளில் நீண்ட கழுத்துள்ள ஒரு கிட்டார். அதில் நான்கே நான்கு தந்திகள். அவருடைய விரல்கள் ஓடுகின்றன. நெற்றியில் வியர்வை வழிகிறது.

ஆனால் அவர் வாசிப்பது யாருக்கும் கேட்கவில்லை!

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் திருவிழாக் கச்சேரிக்குப் போய் வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அந்த வாலிபர் வாசிப்பது பேஸ் கிட்டார். பாட்டின் அடித்தளம் அதுதான். வீட்டுக்கு அஸ்திவாரம் எப்படியோ, பாட்டுக்கு அது அப்படி. அஸ்திவாரம் கண்ணுக்குத் தெரியாது. பேஸ் கிட்டாரோ காதுக்கே கேட்பதில்லை என்றால் எப்படி?

இதில் அவருடைய பிழைப்பே அடங்கியிருக்கிறது.

ஓசை கேட்காவிட்டால் குழுத் தலைவர் என்ன நினைப்பார்? "இவருக்கு எதற்கு ஒரு பங்கு? கீபோர்டுக்காரர் இடது கையால் இதை வாசித்துவிடுவாரே!" என்று நினைப்பார். இன்னும் ஒரு படி மேலே போய், "பாட்டையே பதிவு செய்து வைத்து ஓட விட்டால் போதுமே!" என்பார். பல குழுக்களில் அப்படித்தான் நடந்திருக்கிறது. பேஸ் கிட்டார் வாசித்தவர் வேறு வேலை தேடிப் போய்விட்டார்.

ஆகவே அந்த வாலிபர் ஒரு முடிவுக்கு வருகிறார். ஓசையைத் தடிமனாக்க ஒரு பெடல் வாங்க வேண்டும்!

பெடல் என்றால் என்ன?

உள்ளங்கை அளவு இரும்புப் பெட்டி. மேலே இரண்டு மூன்று திருகுகள். காலால் மிதிக்க ஒரு பொத்தான். கிட்டாரிலிருந்து வரும் ஒயரை இதன் ஒரு பக்கத்தில் செருக வேண்டும். மறு பக்கத்திலிருந்து ஆம்ப்ளிபயருக்கு ஒயர் போகும். இடையில் இந்தப் பெட்டி ஓசையை மாற்றிவிடும்.

இதில் பல வகை உண்டு. ஒன்று ஓசையைக் கரகரப்பாக்கும். ஒன்று ஒரு குரலைப் பல குரலாக்கும். ஒன்று ஓசையை இன்னும் கீழே இறக்கும். ஒன்று ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும். எல்லாப் பெட்டிகளின் விளம்பரத்திலும் "தடித்த ஓசை" என்ற ஒரே வார்த்தைதான் இருக்கிறது!

வாலிபர் செல்போனில் பார்க்கிறார். அமெரிக்காவில் யாரோ ஒருவர் ஒரு பெடலை மிதிக்கிறார். காதில் மாட்டிய கருவியில் ஓசை யானை பிளிறுவதுபோல் கேட்கிறது. அவ்வளவுதான்! நாலைந்து கச்சேரியில் வந்த பணத்தை எடுத்துக்கொண்டு சென்னை அண்ணா சாலைக்கு ரெயில் ஏறுகிறார்.

வாங்கி வந்த பெடலை வீட்டில் மாட்டிப் பார்க்கிறார். சுவரே அதிர்கிறது. தாயார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்க்கிறார். அடுத்த திருவிழாவில் மேடையில் மாட்டுகிறார். பழைய கதைதான். ஓசை காணவில்லை. கேட்பதெல்லாம் ஓர் இரைச்சல். மைக்செட்காரர் கையைக் காட்டி, "தம்பி, என்ன அது? குளவிக்கூடு கலைந்த மாதிரி இருக்கிறது. அதை நிறுத்து!" என்கிறார்.

பணம் போனது போனதுதான்.

குற்றம் பெடலில் இல்லை. எந்த இடத்துக்கு எது என்று தெரியாமல் வாங்கியதுதான் குற்றம்.

ரேடியோ ரிப்பேர்க்காரர் செய்த வாத்தியம்

பேஸ் கிட்டாரே ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரர் செய்ததுதான் என்றால் பலர் நம்பமாட்டார்கள்.

அவர் பெயர் லியோ ஃபெண்டர். அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்தவர். 1938-ம் ஆண்டு முதல் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அவருக்குக் கிட்டார் சரியாக வாசிக்கத் தெரியாது! ஆனால் வாசிப்பவர்களின் கஷ்டம் தெரியும்.

அந்தக் காலத்தில் கீழ்ச் சுருதிக்கு ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய மர வாத்தியம் இருந்தது. நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். ஊர் ஊராகத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. டிரம்ஸ் அடித்தால் அதன் ஓசை அமுங்கிப்போகும். ஃபெண்டர் 1951-ம் ஆண்டில் அதற்கு மாற்று ஒன்று செய்தார். தோளில் மாட்டிக்கொள்ளலாம். மின்சாரத்தால் ஓசை எழும். அதற்குப் 'பிரிசிஷன் பேஸ்' என்று பெயர் வைத்தார். இன்று விழுப்புரத்து மேடையில் இருக்கும் நான்கு தந்திக் கிட்டாருக்கு அதுதான் மூதாதை.

ஆக, கேட்காத ஓசையைக் கேட்க வைப்பதற்காகவே பிறந்த வாத்தியம் இது. அதுவே இப்போது கேட்கவில்லை என்று புலம்ப வேண்டியிருக்கிறது!

ஏன் கேட்பதில்லை?

பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி வினாடிக்கு 41 தடவை அதிர்கிறது. அடுத்தது 55 தடவை. அதற்கடுத்தவை 73, 98. இவை மிகக் கீழான ஓசைகள். இவற்றை வெளியே தள்ள அகன்ற காகிதக் கூம்புள்ள பெரிய ஸ்பீக்கர் பெட்டி வேண்டும். நிறைய மின்சக்தியும் வேண்டும்.

கிராமத்து மேடையில் இருப்பது என்ன? வசதியுள்ள ஊரில் பெரிய பெட்டிகள் வைக்கிறார்கள். மற்ற இடங்களில் சிறிய பெட்டிகள். தெருக்கோடி வரை கேட்க வேண்டும் என்று கம்பத்தில் கூம்பு ஒலிபெருக்கி. இந்தக் கூம்பு இருக்கிறதே, அது மனிதக் குரலுக்காக உண்டானது. 200, 300 அதிர்வுக்குக் கீழே அது ஏறக்குறைய ஊமை! 41 அதிர்வை அதனிடம் கொடுத்தால் அது என்ன செய்யும்? விழுங்கிவிடும்.

அப்படியானால் அந்த இடத்தில் பேஸ் கிட்டாருக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. வழி காட்டுவது மனிதனுடைய காது.

வெளியூரில் இருக்கும் தகப்பனார் போனில் பேசுகிறார். "யார் பேசுவது?" என்று மகள் கேட்பதில்லை. குரலைக் கேட்டதும் "அப்பா!" என்கிறாள். ஆணின் குரல் வினாடிக்குச் சுமார் 100 அதிர்வில் தொடங்குகிறது. பழைய டெலிபோனோ 300 அதிர்வுக்குக் கீழே எதையும் அனுப்பாது. அப்பாவின் குரலில் அடிப்பகுதி வரவே இல்லை. ஆனாலும் குரல் அப்பாவுடையதாகவே கேட்கிறது. எப்படி?

எந்த ஓசையும் தனியாக வருவதில்லை. 41 அதிர்வு எழும்போது கூடவே 82, 123, 164, 205 என்று அதன் மடங்குகளும் எழுகின்றன. மேலே இருக்கும் மடங்குகள் காதில் விழுந்தால் போதும். மூளை கணக்குப் போட்டு, கீழே இல்லாத அந்த 41-ஐத் தானே நிரப்பிக்கொள்கிறது! இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் நடக்கும் நடையைச் சின்னஞ்சிறு டிரான்சிஸ்டர் பெட்டியிலும் மக்கள் ரசித்தார்களே, அதன் ரகசியமும் இதுதான். அந்தப் பெட்டியால் 41 அதிர்வை எழுப்பவே முடியாது.

ஆகவே சிறிய ஸ்பீக்கர் உள்ள இடத்தில் ஓசையைத் தடிமனாக்குவது என்றால் கீழே கூட்டுவது அல்ல. மேலே மடங்குகளைக் கூட்டுவதுதான்! இது தலைகீழாகத் தோன்றும். ஆனாலும் இதைப் புரிந்துகொண்டவர் பெடல் கடையில் ஏமாறமாட்டார்.

தம்புராவில் ஒரு நூல்

நம் ஊர் வித்வான்கள் பெடலைக் காணாத காலத்திலேயே இந்த இரண்டு வித்தைகளையும் செய்திருக்கிறார்கள்.

தம்புராவைப் பாருங்கள். தந்திக்கும் குதிரைக்கும் நடுவில் சிறு நூல் ஒன்றைச் செருகுகிறார்கள். அதற்கு ஜீவா என்று பெயர். நூலைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்துகிறார்கள். ஓரிடத்தில் வந்ததும் ஓசை 'ரீங்' என்று மலர்கிறது. அறை முழுவதும் நிறைகிறது. தந்தி மாறவில்லை. சுருதி மாறவில்லை. மடங்குகள் எழுந்தன. அவ்வளவுதான்.

மிருதங்கத்தில் வேறு வித்தை. இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்புகிறார்கள். தோலுக்குக் கனம் ஏறுகிறது. ஓசை கீழே இறங்கிக் 'கும்' என்று கேட்கிறது. கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள்.

நூல் ஒரு வழி. ரவை ஒரு வழி. பெடல்களிலும் இந்த இரண்டு வழிதான்!

பழுதான மெஷினில் பிறந்த ஓசை

நூல் வேலையைச் செய்யும் பெடலுக்கு ஓவர்டிரைவ் என்று பெயர். இன்னும் முரட்டுத்தனமானது ஃபஸ். இது பிறந்த கதை வேடிக்கையானது.

அமெரிக்காவில் நாஷ்வில் என்று ஒரு நகரம். நாட்டுப்புறப் பாடல்களுக்குப் பெயர்போனது. அங்கே மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தார்கள். 1961-ல் அது வெளிவந்தது. பதிவின்போது கிரேடி மார்ட்டின் என்பவர் ஆறு தந்தி பேஸ் கிட்டார் வாசித்தார். ஒலிப்பதிவு மேஜையில் ஒரு பகுதி பழுதாகிவிட்டது. அவருடைய ஓசை கரகரவென்று கிழிந்து வந்தது. இன்னொருவராக இருந்தால் அழித்துவிட்டு மறுபடி வாசித்திருப்பார். இவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். பாட்டு பெரிய வெற்றி!

"அந்தக் கரகர ஓசை எங்களுக்கும் வேண்டும்" என்று மற்றவர்கள் கேட்டார்கள். பழுதான பகுதியோ முழுவதும் செத்துப்போயிற்று. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி என்ன செய்தார்? அந்தப் பழுதையே ஒரு சிறு பெட்டிக்குள் செய்து காட்டினார். கிப்சன் கம்பெனி அதை 1962-ல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்டோன்' என்ற பெயரில் விற்றது. முதலில் விலைபோகவில்லை. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் ஒரு பாட்டில் அதை மிதித்தார்கள். கடைகளில் இருந்த பெட்டிகள் பறந்துவிட்டன. அதே ஆண்டு பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி ஒரு பாட்டில் ஃபஸ் ஓசையில் பேஸ் கிட்டார் வாசித்தார்.

இந்தப் பெட்டி செய்வது என்ன? ஓசையலையின் உச்சியை வெட்டுகிறது. வெட்டிய இடத்தில் புதுப்புது மடங்குகள் முளைக்கின்றன. மரத்தைக் கவாத்து செய்தால் கிளை வெடிக்கிறதே, அதுபோல.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சாதாரணக் கிட்டாருக்காகச் செய்த ஓவர்டிரைவ் பெடல்களில் பல, கீழ் ஓசையை வேண்டுமென்றே குறைத்துவிடும். அந்தக் கிட்டாருக்கு அது நல்லது. பேஸ் கிட்டாருக்கு அது கழுத்தை அறுப்பது. கரகரப்பு இருக்கும், கனம் போய்விடும். மைக்செட்காரர் சொன்ன குளவிக்கூடு இதுதான்!

அதனால் 'பிளெண்ட்' என்று ஒரு திருகு உள்ள பெடலையே வாங்க வேண்டும். அந்தத் திருகு, மாறாத பழைய ஓசையையும் கரகரத்த ஓசையையும் வேண்டிய அளவில் கலந்து கொடுக்கும். கனம் பழைய ஓசையிலிருந்து வரும். மடங்குகள் புதிய ஓசையிலிருந்து வரும். சாம்பாரில் புளி போல, தனியாகத் தெரியாத அளவுக்குக் கரகரப்பு இருந்தால் போதும்.

தமிழ்ப் பாட்டுக்கு இது முக்கியம். மேல்நாட்டு முரட்டுப் பாட்டில் பேஸ் கிட்டார் பெரும்பாலும் ஒரே சுரத்தில் நின்று இடிக்கும். அங்கே எவ்வளவு ஃபஸ் போட்டாலும் தாங்கும். நம் சினிமாப் பாட்டு அப்படியல்ல. 1976-ல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா, பேஸ் கிட்டாரை இன்னொரு பாடகரைப்போல நடக்க வைத்தார். மேலே ஏறும், கீழே இறங்கும், பாடகருக்குப் பதில் சொல்லும். அந்த நடையின்மேல் கெட்டியான ஃபஸ்ஸைப் பூசினால் அடி தெரியாது. சேற்றில் நடப்பதுபோல் ஆகிவிடும்.

கோஷ்டி கானம்

அடுத்தது கோரஸ் பெடல். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1975-ல் ஓர் ஆம்ப்ளிபயரில் இதை வைத்தது. 1976-ல் பாஸ் என்ற பெயரில் தனிப் பெட்டியாகவே விற்றது.

பஜனை மடத்தில் இருபது பேர் ஒரே வரியைப் பாடுகிறார்கள். ஒருவர் இம்மி முன்னே, ஒருவர் இம்மி பின்னே. ஒருவர் சுருதி ஒரு மயிரிழை கூட, ஒருவர் குறைவு. அதனால்தான் ஓசை அகலமாகக் கேட்கிறது. கோரஸ் பெடல் இதையே செய்கிறது. ஓசையை ஒரு நகல் எடுத்து, வினாடியில் சிறு பின்னம் தாமதித்து, சுருதியை லேசாக ஆட்டி, மூலத்தோடு சேர்க்கிறது.

கேட்க இனிமைதான். மெதுவான சோகப் பாட்டுக்கு அழகு. ஆனால் இதைத் தடித்த ஓசை என்று சொல்வது சரியல்ல. இது அகன்ற ஓசை. அகலம் வேறு, கனம் வேறு. கீழ்த் தந்தியில் போட்டால் அஸ்திவாரமே ஆடுகிறது. வாங்கத்தான் வேண்டும் என்றால் கீழ் ஓசையைத் தொடாமல் விடும் திருகு உள்ளதாக, பேஸ் கிட்டாருக்கென்றே செய்ததாக வாங்கலாம். முதல் பெடலாக மட்டும் வாங்கக் கூடாது.

ரவை பெடல்

ஆக்டேவ் பெடல் ரவை ஜாதியைச் சேர்ந்தது. வாசித்த சுரத்துக்குப் பாதி அதிர்வில் இன்னொன்றைச் சேர்க்கும். பாஸ் நிறுவனத்தின் ஓ.சி.2 என்ற பெட்டி 1982-ல் வந்தது. பேஸ் கிட்டார்க்காரர்கள் இன்றும் அதன் பெயரைச் சொல்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 55 அதிர்வில் பாதி 27½. 41-ல் பாதி 20 சொச்சம். மனிதன் காதுக்கு எட்டும் எல்லையே ஏறக்குறைய 20-தான்! எந்த மேடை ஸ்பீக்கர் இதை எழுப்பும்? மின்சக்தி வீணாகும். ஸ்பீக்கர் காகிதம் படபடக்கும். கிட்டார் கழுத்தின் மேல்பக்கத்தில், மெல்லிய தந்திகளில் வாசிக்கும்போதுதான் இந்தப் பெடல் நன்றாக இருக்கும். ஒரு நேரத்தில் ஒரே தந்திதான் ஒலிக்க வேண்டும். இரண்டு ஒலித்தால் பெட்டி குழம்பிப்போகும்.

திருவிழா மேடைக்கு இது கடைசி.

பந்தியில் பரிமாறுகிறவர்

கம்ப்ரசர் என்று ஒன்று இருக்கிறது. இதைப் பற்றி வாலிபர்கள் ஆசையாகப் பேசுவதில்லை. மிதித்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. அதனாலேயே இதற்கு மதிப்பில்லை.

பந்தியில் நல்ல கை உள்ளவர் பரிமாறினால் எல்லா இலையிலும் சோறு ஒரே அளவாக விழும். கம்ப்ரசர் அப்படிப்பட்டது. பலமாகத் தட்டிய சுரத்தை அமுக்கும். மெலிந்த சுரத்தைத் தூக்கும். பத்தில் மூன்று சுரம் கேட்டு ஏழு சுரம் டிரம்ஸுக்குள் மூழ்குகிற நிலைமை போய், பத்தும் கேட்கும். கேட்பவருக்கு ஓசை கெட்டியானதாகவே தோன்றும்.

அளவு மீறினால் உயிர் போய்விடும். எல்லாச் சுரமும் ஒரே உயரத்தில் நின்றால் அது அச்சு மெஷின் ஓசை.

விரல் போதாதா?

"பெடல் எதற்கு? விரல் இருக்கிறதே!" என்று மூத்த வாசிப்பாளர்கள் சிலர் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர் இருந்தார். மோட்டவுன் கம்பெனியின் எத்தனையோ வெற்றிப் பாடல்களுக்கு பேஸ் கிட்டார் வாசித்தவர். ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே தட்டுவார். பெடல் கிடையாது. அறுந்தாலொழியத் தந்தியைக்கூட மாற்றமாட்டார்! 1983-ல் காலமான அவருடைய ஓசையை உலகம் இன்னும் பேசுகிறது.

ஆனால் ஜேமர்சன் வாசித்தது ஒலிப்பதிவுக் கூடத்தில். அவர் ஓசையைப் பார்த்துக்கொள்ள நல்ல மெஷினும் நல்ல ஆட்களும் இருந்தார்கள். மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு வயல்வெளி மேடையில், ஜெனரேட்டர் ஓடும் சத்தத்துக்கு நடுவே அவர் வாசித்ததில்லை. அங்கே விரல் மட்டும் போதும் என்பது அநியாயம்.

ஆனாலும் விரலும் தந்தியும் முதலில் என்பதில் சந்தேகம் இல்லை. ஓசை மங்கியிருந்தால் முதலில் தந்தியை மாற்றிப் பார்க்க வேண்டும். வியர்வையும் அழுக்கும் ஏறிய தந்தியில் மடங்குகள் செத்துவிடுகின்றன. ஜேமர்சனுக்கு ஒத்துவந்தது கூம்பு ஒலிபெருக்கிக்கு ஒத்துவராது. ஒயரில் சாலிடர் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிட்டாரை அடிக்கும் விரல் பாலத்துக்குப் பக்கம் போனால் ஓசை கூர்மையாகும்; கழுத்துப் பக்கம் வந்தால் மெத்தென்று ஆகும். இதற்கெல்லாம் பைசா செலவில்லை. தந்திக்கு மட்டும்தான் செலவு.

முதல் பெடல் எது?

இவ்வளவுக்குப் பிறகும் ஓசை கேட்கவில்லை என்றால் வாங்கத்தான் வேண்டும். எதை?

ஓவர்டிரைவ் உள்ள ப்ரீஆம்ப் பெடலைத்தான்! பிளெண்ட் திருகு இருக்க வேண்டும். 'டி.ஐ.' என்ற வாயும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் டெக் 21 நிறுவனம் செய்த சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் இந்த வகையில் பெயர் பெற்றது. விலை கூடுதல். அதே மாதிரியில் குறைந்த விலைப் பெட்டிகளும் வருகின்றன.

டி.ஐ. வாய் எதற்கு? பல மேடைகளில் பேஸ் கிட்டாருக்குத் தனி ஆம்ப் இருக்காது. ஒயர் நேராக மைக்செட்டின் மிக்சருக்குப் போகும். அங்கே கரகரப்பு ஓசை நேரடியாகப் போனால் காதைக் கிழிக்கும். பெரிய ஆம்ப்பின் ஸ்பீக்கர் அந்தக் கூர்மையை இயல்பாகவே மழுக்கிவிடும். மிக்சரில் அது நடக்காது. இந்த ப்ரீஆம்ப் பெட்டி அந்த மழுக்கும் வேலையையும் தானே செய்து, நீளமான ஒயரில் இரைச்சல் ஏறாதபடி ஓசையை அனுப்பும். மைக்செட்காரர் சண்டைக்கு வரமாட்டார். அது ஒன்றே பெரிய லாபம்.

இரண்டாவதாகக் கம்ப்ரசர். அதைக் கிட்டாருக்குப் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கலாம். கோரஸ், பணம் மிஞ்சினால். ஆக்டேவ், ஆசை மிஞ்சினால்.

ஒரே பெட்டியில் ஐம்பது ஓசை தரும் மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியைச் சிலர் சொல்வார்கள். வீட்டில் பழகிப் பார்க்க அது நல்லது. எது எது என்ன செய்யும் என்று தெரிந்துவிடும். ஆனால் இருட்டு மேடையில், பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் அந்த ஒரு நொடியில், சின்ன எழுத்தைப் படித்துப் பொத்தான் தேடுவது நடக்காத காரியம்.

கடையில் ஏமாறாதிருக்க

கடைக்குப் போகும்போது சொந்தக் கிட்டாரைக் கொண்டுபோக வேண்டும். கடையில் தொங்கும் விலை உயர்ந்த கிட்டாரில் எந்தப் பெடலும் நன்றாகத்தான் கேட்கும்.

பெடலை மிதித்தால் ஓசையின் அளவு கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். கூடினால் 'லெவல்' திருகைக் குறைத்து, மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே அளவாக வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். உரக்கக் கேட்பதெல்லாம் நன்றாகக் கேட்பதாகவே காதுக்குத் தோன்றும். பாதிப் பெடல்கள் இந்த மயக்கத்தில்தான் விலைபோகின்றன!

முடிந்தால் தெரிந்தவரிடம் ஓர் இரவு இரவல் வாங்கி, டிரம்ஸோடு வாசித்துப் பார்ப்பது எல்லாவற்றிலும் மேல். நண்பர் ஒருவரைக் கடைசி வரிசையில், பெண்கள் குழந்தைகளோடு பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். மேடையில் நிற்பவர் காது அவருக்கு உண்மை சொல்லாது. கடைசிப் பாயில் இருப்பவர் காதுதான் சொல்லும்.

உயிருக்கு ஆபத்து

ஓசையைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு.

1972-ம் ஆண்டு மே 3-ந் தேதி. பிரிட்டனில் ஸ்வான்ஸி நகரம். லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் மேடையில் நின்றார். கை தந்தியில் இருந்தது. மைக்கைத் தொட்டார். மின்சாரம் பாய்ந்து உயிரிழந்தார். மைக்குக்கு எர்த் இல்லை.

வயலில் குச்சி நட்டு ஒயர் இழுத்துப் போடும் மேடைகளில் இது நடக்கக்கூடியதே. கிட்டார் தந்தியும் மிக்சரும் ஒயரால் இணைந்தவை. மழை பெய்து மேடை ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்று இருக்கிறதா? உடனே வாத்தியத்தைக் கீழே வைத்துவிட வேண்டும். எர்த்தைச் சரி செய்யும் வரையில் தொடக் கூடாது. "இரைச்சல் வருகிறது" என்று பிளக்கின் எர்த் முள்ளைப் பிடுங்கி எறிகிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. இரைச்சல் நிற்கும். அதற்கு விலை ஓர் உயிர்.

பெற்றோர்கள் பெடலின் விலையைக் கேட்டுக் கோபப்படுகிறார்கள். மேடையில் எர்த் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை.

இன்னும் சில்லறை விஷயங்கள். பெடலுக்குப் பெரும்பாலும் 9 வோல்ட் மின்சாரம். எல்லா அடாப்டரும் எல்லாப் பெடலுக்கும் பொருந்தாது. நடு முள் நெகட்டிவா பாசிட்டிவா என்று பெட்டியில் படம் போட்டிருக்கும். அதைப் பார்க்காமல் செருகினால் பெடல் புகைந்துவிடலாம். மலிவான செல்போன் சார்ஜர் போன்ற அடாப்டரில் 'ங்ங்' என்று ஓர் இரைச்சல் கூடவே வரும்.

பாட்டரி போட்டு வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலால் மிதித்து நிறுத்திவிட்டால் பாட்டரி நின்றுவிட்டதாக அர்த்தமில்லை. உள்ளே வரும் ஒயர் செருகியிருக்கும் வரை அது தின்றுகொண்டே இருக்கும். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பது 2000-ம் ஆண்டு விதி. மேடையைக் கழற்றுகிற அவசரத்தில் ஒயரைச் செருகியபடியே பைக்குள் திணித்துவிட்டு, விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி வீடு போய்ச் சேருகிறார்கள். மறுநாள் மேல்மலையனூரில் அமாவாசைக் கச்சேரி. முதல் பாட்டிலேயே பெட்டி ஊமை. ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தால் அந்தப் பாட்டரி அன்றைக்கும் ஓடியிருக்கும்.